அடியில்லாக் கிண்ணமும் அழகிய பாய்க்கலங்களும்

கடலை அடுத்து வாழ்வோர்க்குக் கலங்கள் அண்டை வீட்டாரைப் போன்றவை. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருக்கும் நாம், ஞாயிறு மாலையில் மக்களை அழைத்துக்கொண்டு அப்போலோ பந்தருக்குச் செல்கிறோம். 'இந்தியாவின் வாயில்' எனப்படும் அந்தக் கற்கட்டடத்தின் நிழலில் நின்று கடலை நோக்கினால், எண்ணெய்க் கப்பல்களுக்கும் பயணப் படகுகளுக்கும் இடையே, வெண்மையான பாய் விரித்த சிறு கலங்கள் சில ஒருபுறம் சாய்ந்தபடி ஓடுவதைக் காணலாம். எந்திரக் கப்பலைக் கண்டு, "எவ்வளவு பெரியது!" என்று வியக்கும் குழந்தை, பாய் விரித்த கலத்தைக் கண்டதும், "எவ்வளவு அழகு!" என்று சொல்கிறது. இவ்வேற்றுமையை யாரும் அதற்குக் கற்பிக்கவில்லை.

அதே கடற்கரையில் சற்று வடக்கே சென்றால் தாருகானா என்னும் இடம் உண்டு. அது கப்பல்களின் சுடுகாடு. நம் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலாகிய 'விக்ராந்த்' 1961 ஆம் ஆண்டில் கடற்படையிற் சேர்ந்து, 1997 சனவரியில் ஓய்வு பெற்றது. பின்னர்ச் சில ஆண்டுகள் இந்நகரிலேயே அருங்காட்சியகமாக நின்றது. 2012 இல் அதுவும் மூடப்பட்டது. 2014 இல் விற்கப்பட்டுத் தாருகானாவில் துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. அதனைக் காப்பாற்ற வேண்டுமென்று குரல் எழுப்பியோர் பலர். எனினும் இரும்புக்கு இருந்த விலை நினைவுக்கு இல்லாமற் போயிற்று.

உழைத்து ஓய்ந்த கலத்தை என்ன செய்வது? மூழ்கடிப்பதா, உடைத்து விற்பதா, சேற்றில் கிடத்துவதா, அன்றி மீண்டும் பாய் கட்டி ஓடவிடுவதா? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, சென்ற நூற்றாண்டின் பந்தயப் பாய்க்கலங்களின் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது. அவ்வரலாறு சீமையிலும் அமெரிக்காவிலும் நடந்தது. ஆயினும் அதன் வேர் ஒன்று நம்மவரின் வியர்வை விழுந்த மலைச்சரிவில் இருக்கிறது. அதனையும் இக்கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

கிண்ணம் பிறந்த கதை

நாவாய், வங்கம், கலம், தோணி, ஓடம் எனக் கடலூர்திகளுக்குப் பல பெயர் வைத்தவர் தமிழர். பொருளேற்றுவதற்கும் மீன் பிடிப்பதற்கும் போர் புரிவதற்கும் கலங்களைக் கட்டினர். வெறும் மகிழ்ச்சிக்காகவும் பந்தயத்திற்காகவும் கட்டப்படும் கலத்தை ஆங்கிலேயர் 'யாட்' என்று வழங்குவர். இத்தகைய கலங்களுக்கென அமைந்த சங்கங்களுள் நம் நகரத்து ராயல் பம்பாய் யாட் சங்கமும் ஒன்று. 1846 ஆம் ஆண்டில் தோன்றியது அது.

1851 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 22 ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள வைட் தீவைச் சுற்றிவரும் பந்தயம் ஒன்று நடந்தது. அதில் ஆங்கிலக் கலங்களோடு, நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த 'அமெரிக்கா' என்னும் இரட்டைப் பாய்மரக் கலமும் கலந்துகொண்டது. கடலாட்சியிற் சிறந்தவர் தாமே என்று நம்பியிருந்த ஆங்கிலேயரின் கண்ணெதிரே அது முதலாவதாக வந்தது. பரிசாகக் கிடைத்த வெள்ளிக் கிண்ணம் பின்னர் 'அமெரிக்கக் கிண்ணம்' என்று பெயர் பெற்றது. அக்கிண்ணத்துக்கு அடிப்பாகம் இல்லை. ஒரு துளி நீரையும் அதில் ஊற்றி வைக்க இயலாது. அத்தகைய பாத்திரத்திற்காகக் கோடீசுவரர்கள் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகப் பொருளை இறைத்தனர். 1983 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியர் வென்று கொண்டுசெல்லும் வரை, 132 ஆண்டுகள் அது அமெரிக்கரிடமே இருந்தது.

கிண்ணத்தை வென்ற கலம் என்னாயிற்று? வெற்றி பெற்ற சில நாட்களிலேயே அது விற்கப்பட்டது. பல கை மாறி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னவர் கையிற் சிக்கி, புளோரிடாவின் ஆறு ஒன்றில் மூழ்கடிக்கப்பட்டது. வடவர் அதனைத் தூக்கியெடுத்துக் கடற்காவலுக்கு அனுப்பினர். பின்னர் மாணவ மாலுமிகளுக்குப் பயிற்சிக் கலமாயிற்று. இறுதியில் 1921 இல் அன்னாபொலிஸ் கடற்படைப் பள்ளிக்கு அளிக்கப்பட்டுக் கொட்டகை ஒன்றில் கிடந்தது. 1942 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பனியின் பாரம் தாங்காமல் அக்கொட்டகையின் கூரை இடிந்து கலத்தின்மேல் வீழ்ந்தது. 1945 இல் எஞ்சியதையும் உடைத்தெறிந்தனர். கடலில் எத்தனையோ புயல்களைத் தாங்கிய கலம், தன்னைக் காக்க எழுப்பிய கூரையாலேயே அழிந்தது.

அழகு எங்கிருந்து வந்தது?

பந்தயக் கலங்களின் அழகு எவரும் அழகுக்காக வரைந்ததன்று. அது விதியோடு விளையாடியதால் விளைந்தது. நீரைக் கிழித்துச் செல்லும் கலத்தின் வேகம், அது நீரிற் படியும் நீளத்தைப் பொறுத்தது. நீளம் மிகுந்தால் வேகமும் மிகும். எனவே பந்தய நடுவர்கள், கலம் நிமிர்ந்து நிற்கும்போது நீர்மட்டத்தில் அதன் நீளம் என்ன என்று அளந்து, அதற்கேற்ப வரம்பு விதித்தனர். கலம் சமைப்போர் இதற்கு ஒரு வழி கண்டனர். முன்முனையையும் பின்முனையையும் நீருக்கு மேலே நீண்டு தாழ்ந்து வளையுமாறு அமைத்தனர். நிமிர்ந்து நிற்கையில் அம்முனைகள் நீரைத் தொடுவதில்லை. அதனால் அளவிலும் சேர்வதில்லை. காற்றடித்துக் கலம் சாய்ந்தவுடன் அவை நீரில் அமிழ்கின்றன, கலத்தின் நீளம் தானே வளர்கிறது, வேகமும் வளர்கிறது.

வில்லின் வளைவு போலவும் அன்னத்தின் கழுத்துப் போலவும் நாம் கண்டு மகிழும் அந்த நீண்ட முனைகள், இவ்வாறு ஒரு கணக்கின் விடையாகப் பிறந்தவை. தேவையற்ற மரத்துண்டு ஒன்றும் அதில் இல்லை. தேவையான ஒன்றும் குறைவதில்லை. நல்ல செய்யுளின் அழகும் இத்தகையதே அன்றோ? யாப்பின் கட்டுப்பாடு இறுக இறுகச் சொல்லின் எழில் கூடுவது போல, விதியின் கட்டுப்பாடு இறுக இறுகக் கலத்தின் எழிலும் கூடிற்று.

ஆனால் வேகத்தின் வேட்கை சில வேளைகளில் அளவு கடந்தும் சென்றது. 1895 ஆம் ஆண்டில் 'டிபெண்டர்' என்னும் கலத்தை, எடை குறைய வேண்டுமென்று அலுமினியத்தாலும் வெண்கலத்தாலும் எஃகாலும் சேர்த்துக் கட்டினர். உப்பு நீரில் அவ்வுலோகங்கள் ஒன்றையொன்று அரித்துத் தின்றன. ஆறே ஆண்டுகளில் கலம் உடைபட்டது. 1903 இல் 'ரிலயன்ஸ்' என்னும் கலம் வந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 144 அடி; பாய்களின் பரப்பு 16,000 சதுர அடிக்கு மேல். ஒற்றைப் பாய்மரத்தின் மேல் அத்துணைத் துணியை ஏற்றிய அக்கலம், பத்தே ஆண்டுகளில் பழைய உலோகமாக விற்கப்பட்டது. வெற்றி பெறுவதற்கென்றே பிறந்தமையால், வென்றபின் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

மளிகைக் கடையிலிருந்து மாகடலுக்கு

இந்த 'ரிலயன்'சிடம் தோற்ற கலத்தின் பெயர் 'மூன்றாம் ஷாம்ராக்'. அதன் உரிமையாளர் சர் தாமஸ் லிப்டன். தேயிலைப் பொட்டலத்தின் மேல் நாம் அனைவரும் கண்ட பெயர்தான் அது.

லிப்டன் 1848 ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சிறுவயதிலேயே அமெரிக்கா சென்று, புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் நியூயார்க்கு மளிகைக் கடையிலும் வேலை பார்த்தார். திரும்பி வந்து 1871 இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். ஒரு கடை பல நூறாகப் பெருகியது. 1890 ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சென்று, காப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் விலை வீழ்ந்திருந்த மலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டம் அவற்றுள் ஒன்று. மலைமுகட்டில் அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த இடத்தை 'லிப்டன் இருக்கை' என்று இன்றும் சுற்றுலாச் செல்வோர்க்குக் காட்டுகின்றனர்.

இடைத்தரகர் இன்றித் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்பது அவருடைய வணிக முழக்கம். இராத்தல் மூன்று ஷில்லிங் அளவில் விற்ற தேயிலையை அவர் ஏறக்குறையப் பாதி விலைக்குச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்றார். செல்வர் வீட்டுப் பானம் தொழிலாளர் வீட்டுப் பானமாயிற்று. செல்வம் குவிந்தது. 1898 இல் 'சர்' பட்டமும் வந்தது.

ஆனால் ஒரு கதவு மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் உறுப்பினராயிருந்த ராயல் யாட் ஸ்குவாட்ரன், மளிகைக் கடைக்காரரைச் சேர்த்துக்கொள்ள விரும்பவில்லை. எனவே லிப்டன் அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் சங்கத்தின் பெயரால் அமெரிக்கக் கிண்ணத்திற்கு அறைகூவல் விடுத்தார். தம் கலங்களுக்கு அயர்லாந்தின் அடையாளமான மூவிலைப் புல்லின் பெயராகிய 'ஷாம்ராக்' என்பதைச் சூட்டினார்.

1899, 1901, 1903 ஆகிய மூன்று முறையும் அவர் கலங்கள் ஒரு பந்தயத்தையும் வெல்லவில்லை. 1914 இல் 'நான்காம் ஷாம்ராக்' அட்லாண்டிக் கடலைக் கடந்துகொண்டிருந்தபோது உலகப் போர் மூண்டது. பந்தயம் 1920 க்குத் தள்ளிப்போயிற்று. அவ்வாண்டு முதலிரண்டு பந்தயங்களை வென்று, இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் கையில் என்ற நிலையை அடைந்தார். அடுத்த மூன்றையும் இழந்தார். 1930 இல் 'ஐந்தாம் ஷாம்ரா'க்கோடு வந்தபோது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. எதிரே நின்ற 'என்டர்பிரைஸ்' இலேசான உலோகப் பாய்மரமும், பாயிழுக்கும் எந்திர உருளைகள் பலவும் உடையது. ஷாம்ராக்கின் பாய்மரமோ மரத்தாலானது. பந்தயத்துக்கு வரும் அயல்நாட்டுக் கலம் தானே கடல் கடந்து வரவேண்டும் என்பது அக்கால விதியாதலால், அதற்கேற்ற உறுதியும் அதற்கு வேண்டியிருந்தது. நான்கு பந்தயங்களிலும் தோல்வி.

ஐந்து அறைகூவல்களில் நடந்த பந்தயங்கள் 18, வென்றவை 2. ஆயினும் தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்ற அம்முதியவருக்கு, அமெரிக்க மக்கள் சிறு சிறு தொகையாகச் சேர்த்துப் பொன்னாற் செய்த கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தனர். முன்பு சேர்த்துக்கொள்ளாத ராயல் யாட் ஸ்குவாட்ரனும் 1931 இல் அவரை உறுப்பினராக்கிற்று. அவ்வாண்டே அவர் காலமானார். அவர் சேர்த்துவைத்த கிண்ணங்களும் நினைவுப் பொருள்களும் பிறந்த ஊராகிய கிளாஸ்கோவுக்கு விட்டுச்செல்லப்பட்டன.

பாயிழுத்த கைகள்

உரிமையாளரின் பெயரை உலகம் அறியும். பாயிழுத்தவரின் பெயரை யார் அறிவார்? பெரிய பந்தயக் கலங்களின் மாலுமிகள் பலர், இங்கிலாந்தின் எசெக்ஸ் கடற்கரைச் சிற்றூர்களைச் சேர்ந்த மீனவர்கள். டோல்ஸ்பரி, பிரைட்லிங்சீ, வைவன்ஹோ போன்ற ஊர்களிலிருந்து வந்த அவர்கள், குளிர்காலத்தில் சிப்பியும் மீனும் பிடிப்பர். கோடையில் செல்வரின் கலங்களில் கூலிக்குப் பாயிழுப்பர். பந்தயத்தில் வென்றால் கூலிக்கு மேல் பரிசுப் பணமும் உண்டு.

1934 ஆம் ஆண்டில் விமானத் தொழிலதிபர் சாப்வித் 'எண்டெவர்' என்னும் கலத்தோடு கிண்ணத்திற்குப் போட்டியிடப் புறப்பட்டார். கடல் கடந்து அமெரிக்கா சென்று திரும்பும்வரை தங்கள் ஊர் மீன்பிடிப் பருவம் வீணாகும் என்று கருதிய மாலுமிகள் பலர் கூடுதல் கூலி கேட்டனர். அவர் கொடுக்கவில்லை. அவர்களுக்கு மாற்றாக, ஊதியமின்றிப் பாயிழுக்க முன்வந்த ஆர்வலரை ஏற்றிச் சென்றார். 'எண்டெவர்' வேகத்தில் எதிரிக்கு இளைத்ததன்று. முதலிரு பந்தயங்களையும் வென்றது. பின்னர் நான்கையும் தொடர்ந்து இழந்தது. பழகிய கைகள் இருந்திருந்தால் கிண்ணம் கிடைத்திருக்கும் என்று அன்றே பலர் பேசினர். கலத்திற்குச் செலவிட்ட பெரும்பொருளோடு ஒப்பிட, அக்கூலி உயர்வு எம்மாத்திரம்?

ஓய்வின் பல முகங்கள்

1930 முதல் 1937 வரை கட்டப்பட்ட இப்பெருங்கலங்களை 'ஜே வகுப்பு' என்பர். பத்தே கலங்கள், ஆறு அமெரிக்காவில், நான்கு இங்கிலாந்தில். 120 அடிக்கும் 136 அடிக்கும் இடைப்பட்ட நீளம். 150 அடிக்கு மேல் உயர்ந்த பாய்மரம். 1937 இல் 'ரேஞ்சர்' என்னும் கலம் 'இரண்டாம் எண்டெவ'ரை வென்றதோடு அவ்வகுப்பின் காலம் முடிந்தது. போர் வந்தது. கலங்களின் அடியில் பாரத்துக்காகப் பொருத்திய ஈயமும், உடலின் எஃகும் வெண்கலமும் விலைபோயின. அமெரிக்கக் கலங்கள் ஆறும் உடைபட்டன. ஒன்றும் தப்பவில்லை.

இன்னொரு வகை முடிவும் உண்டு. 1893 இல் வேல்ஸ் இளவரசருக்காகக் கட்டப்பட்ட 'பிரிட்டானியா', 635 பந்தயங்களில் ஓடி 231 இல் முதலிடம் பெற்றது. தந்தைக்குப்பின் அது மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் கலமாயிற்று. 1936 இல் மன்னர் இறந்தபின், அவருடைய விருப்பப்படி, பாய்மரங்களையும் பொருள்களையும் கழற்றிவிட்டு, சூலைத் திங்கள் 10 ஆம் நாள் வைட் தீவுக்கு அப்பால் ஆழ்கடலில் மூழ்கடித்தனர். தலைவன் மறைந்தபின் கலமும் மறைய வேண்டும் என்னும் எண்ணத்தில் ஒரு பெருமிதம் இருக்கிறது. ஆனால் அக்கலத்தை ஓட்டிய மாலுமிகளுக்கும், அதனைக் கட்டிய கிளைடு ஆற்றங்கரைத் தச்சர்க்கும் அதில் உரிமை இல்லையா என்று கேட்கவும் தோன்றுகிறது.

இங்கிலாந்துக் கலங்கள் நான்கனுள் 'இரண்டாம் எண்டெவர்' 1968 இல் உடைபட்டது. மற்ற மூன்றும் பிழைத்தன. அவை பிழைத்த வகை வியப்புக்குரியது.

'வெல்ஷீடா' என்பது கடைத்தொழில் அதிபர் ஒருவர் தம் மூன்று பெண்மக்களின் பெயர்களிலிருந்து சில எழுத்துகளைச் சேர்த்து 1933 இல் சூட்டிய பெயர். அக்கலம் 1937 முதல் ஹாம்பிள் ஆற்றின் சேற்றில் அமிழ்ந்து, ஆட்கள் குடியிருக்கும் மிதவை வீடாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு கிடந்தது. 1984 இல் அதனைச் சேற்றிலிருந்து மீட்டனர்.

'எண்டெவ'ரின் கதை இன்னும் உருக்கமானது. 1937 இல் அமெரிக்காவிலிருந்து திரும்புகையில் இழுவைக் கயிறு அறுந்து, கடலில் மறைந்தது என்று நாடே வருந்திய வேளையில், தானே பாய் விரித்து வீடு வந்து சேர்ந்த கலம் அது. 1947 இல் உடைப்பவர்க்கு விற்கப்பட்டு, உடைபடச் சில மணி நேரமே இருக்கையில் வேறொருவரால் வாங்கப்பட்டது. பின்னர் மெடினா ஆற்றில் மூழ்கியது. தச்சர் இருவர் அதனை 10 பவுனுக்கு வாங்கி, ஓட்டைகளைப் பிளாஸ்டிக் பைகளால் அடைத்து மிதக்கவிட்டனர் என்பர். பாய்மரமும் சுக்கானும் இல்லாத துருப்பிடித்த கூடாக, கைவிடப்பட்ட கடல்விமானத் தளம் ஒன்றில் அது கிடந்தது. 1984 இல் எலிசபெத் மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனை வாங்கினார். தூக்கிச் செல்லவும் இயலாத நிலையிலிருந்த அக்கூட்டை, கிடந்த இடத்திலேயே முதலிற் செப்பனிட்டு, ஹாலந்து நாட்டுக் கலத்துறைக்கு இழுத்துச் சென்றார். ஐந்தாண்டு உழைப்புக்குப்பின், 1989 சூன் 22 ஆம் நாள், 52 ஆண்டுகளுக்குப் பிறகு 'எண்டெவர்' பாய் விரித்தது.

மூன்றாவது கலம் லிப்டனின் 'ஐந்தாம் ஷாம்ராக்'. எஃகுச் சட்டத்தின்மேல் மகாகனிப் பலகை பொருத்திக் கட்டிய அது, சாப்வித்திடமும் பின்னர் வேறொரு விமானத் தொழிலதிபரிடமும் இருந்து, இத்தாலியர் ஒருவர் கைக்குச் சென்றது. அயல்மொழிப் பெயர் கூடாது என்னும் அந்நாட்டு விதியால் 'குவாட்ரிபோலியோ', அதாவது 'நான்கிலைப் புல்', என்று பெயர் மாறிற்று. 1960 களின் இறுதியில் பிறந்த துறைக்கே திரும்பிப் புதுப்பிக்கப்பட்டது. 1986 இல் லிப்டன் தேயிலைக் குழுமம் அதனை வாங்கி, அமெரிக்காவின் நியூபோர்ட்டு நகரத்து யாட் அருங்காட்சியகத்துக்கு அளித்தது. மூவருள் மூத்ததும், கைவிடப்படாமல் என்றும் எவரேனும் ஒருவர் கவனத்தில் இருந்ததும் இதுவே. தோற்ற கலமே நிலைத்து நின்றது. வென்ற 'என்டர்பிரைஸ்' ஐந்தே ஆண்டுகளில் உடைபட்டது.

இம்மூன்றும் மீண்டும் ஓடக் கண்டபின், அழிந்துபோனவற்றின் வரைபடங்களைத் தேடியெடுத்துப் புதுக்கலங்களும் கட்டினர். 'இரண்டாம் எண்டெவர்' வடிவில் 2009 இல் கட்டிய கலத்துக்கு அதன் அமெரிக்க உரிமையாளர் வைத்த பெயர் 'அனுமான்'. கடல் தாண்டி இலங்கை சென்ற அஞ்சனை மைந்தனின் பெயர் ஒரு பந்தயக் கலத்தின் நெற்றியில் திகழ்வது நமக்கு மகிழ்ச்சியே.

எழுதப்படாத கணக்கு

இலங்கை என்றவுடன் நாம் தொடங்கிய இடத்திற்குத் திரும்ப வேண்டியவராகிறோம். ஷாம்ராக்குகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? கிளாஸ்கோக் கடைகளிலிருந்து ஒரு பகுதி, தேயிலையிலிருந்து பெரும்பகுதி. அத்தேயிலையைக் கிள்ளியவர் யார்?

திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்ட நம் தமிழ் மக்களே அவர்கள். தூத்துக்குடி வழியாகவும், 1914 க்குப்பின் தனுட்கோடி வழியாகவும் கடல் கடந்தனர். மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டனர். மலையேறியதும், வரிசையாய்க் கட்டிய லயத்தில் ஓர் அறை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தல். பனியிலும் மழையிலும் முதுகிற் கூடையோடு சரிவில் நின்று கொழுந்து கிள்ளுதல். வழிச்செலவும் முன்பணமும் சேர்ந்த கடனுக்குக் கூலியைப் பறிகொடுத்தல். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், கடனைக் குறித்த 'துண்டு' கையில் வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. கூடை சுமந்த பெண்ணின் உருவம் லிப்டனின் விளம்பரங்களில் உலகெங்கும் சென்றது. அவள் பெயர் எங்கும் செல்லவில்லை.

லிப்டனைப் பழிப்பது நம் நோக்கமன்று. அவர் கட்டிய வழக்கமன்று அது. அவருக்கு முன்பே காப்பித் தோட்டங்களில் வேரூன்றியது. கையூன்றிக் கரணம் போட்டு முன்னேறிய ஏழை மகன் அவர். தோல்வியில் மாண்பு காட்டியவர். ஷாம்ராக்கின் அழகும் பொய்யன்று. ஆனால் அழகிய பொருளைக் காணும்போது, அதன் அடியில் நீருக்குள் மறைந்திருக்கும் பாரத்தையும் எண்ணுதல் முறை. கலத்தை நிமிர்த்தி நிறுத்துவது கண்ணுக்குத் தெரியும் பாய் அன்று. கண்ணுக்குத் தெரியாத ஈயமே.

அம்மக்கள் ஓய்ந்தபோது என்ன நேர்ந்தது? 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் எண்ணிக்கை வகுத்தது. பத்தாண்டு கழித்து, அவ்வெஞ்சியோரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பழுதான கலத்தின் பலகையை எண்ணுவது போல மனிதரை எண்ணினர். அண்ணன் அங்கும் தம்பி இங்குமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. தாயகம் திரும்பியோர்க்கென்று தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பலர் மீண்டும் அதே கொழுந்தையே கிள்ளினர். இலங்கையில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றிலும் கிடைக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மகாகனிப் பலகைக்குக் கிடைத்த பரிவு மனிதருக்குக் கிடைத்ததா என்று கேட்டால், நாம் தலைகுனிய வேண்டியவராகிறோம்.

நாம் செய்யத்தக்கது

'எண்டெவ'ரை மீட்ட கதையில் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. அக்கலத்தை மீண்டும் கட்ட இயன்றதற்குக் காரணம், பொருள் மட்டுமன்று. அதன் பழைய வரைபடங்களும் நிழற்படங்களும், அதனைக் கண்ணாற் கண்டவரின் நினைவும் எஞ்சியிருந்தமையே. ஏடு இருந்தால் துருப்பிடித்த கூட்டுக்கும் உயிர் வரும். ஏடு இல்லையேல் பொன்னாற் செய்த கலமும் பெயரின்றி மறையும்.

நம் சங்கத்து உறுப்பினருள், பாட்டனோ பாட்டியோ மலையகத்துத் தோட்டத்தில் உழைத்த குடும்பத்தினர் இருக்கக்கூடும். இந்நகரத்து ஆலைகளிலும் அலுவலகங்களிலும் துறைமுகத்திலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோரும் நம்மிடையே உள்ளனர். ஆண்டு விழா மேடையில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம், பின்னர் அவர்களைத் துறையோரம் கட்டிவைத்த கலம் போல் விட்டுவிடுகிறோம். அவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரை நம்பிப் புறப்பட்டார்கள், முதல் இரவு எங்கே தங்கினார்கள், முதற் சம்பளத்தில் என்ன வாங்கினார்கள் என்பதை யாரேனும் கேட்டு எழுதி வைத்தோமா?

இவ்வாண்டு முதல் அப்பணியைத் தொடங்குவோம். வீட்டுக்கு ஒரு குறிப்பேடு போதும். பெயர், ஊர், ஆண்டு, செய்த தொழில், சென்ற வழி ஆகிய இவ்வளவே எழுதினாலும், வருங்காலத்தில் நம் வரலாற்றைக் கட்டுவோர்க்கு அது வரைபடமாக அமையும். இளைஞர்கள் கேட்க வேண்டும். முதியோர் சொல்ல வேண்டும். சங்கம் அதனைத் தொகுத்துக் காக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நாம் அப்போலோ பந்தரில் நின்று, சாய்ந்தோடும் வெண்பாயைக் காணும்போது, அதன் அழகை மனமாரப் போற்றுவோம். அதனைக் கட்டிய தச்சரையும் பாயிழுக்கும் மாலுமியையும் உடன் நினைப்போம். வீடு திரும்பித் தேநீர் அருந்தும்போது, அக்கொழுந்தைக் கிள்ளிய கைகளையும் நினைப்போம். அடியில்லாக் கிண்ணத்தில் எதுவும் தங்காது. நாம் எழுதி வைக்கும் ஏட்டில் நம்மவர் பெயர்கள் தங்கட்டும்.